பழத்துக்கு மட்டும் மின்சாரம்

அக்டோபர் 27, திங்கள்

காலையில் எட்டு டிகிரி. நவம்பர் பதினைந்துக்கு முன் ஹீட்டர் போட அனுமதி இல்லை. நிர்வாகப் பிரிவு இனாகாகி அம்மையார் ஒவ்வொரு மேசையாக வந்து, "கால்ல ரெண்டு சாக்ஸ் போட்டுக்கலாமே" என்று சொல்லிவிட்டுப் போனார். நகர அலுவலகத்தின் மின் சிக்கனக் குழுத் தலைவி அவர். குழுவில் வேறு யாரும் இல்லை.

அங்கே செய்திப் பிரிவில் படம் எடுப்பதும் திருத்துவதும் என் வேலை. இன்று முழுக்கப் பழ வேலை. தோல் சீவி உலர்த்திய ஆரஞ்சு நிறப் பெர்சிமன் பழத்துக்கு வெளியூர்க்காரர்கள் ஆர்டர் கொடுக்கும் ஆண்டு இறுதிச் சிற்றேடு. கிழக்குப் பழத்துக்குப் பதினோரு படம், மேற்குப் பழத்துக்குப் பதினோரு படம். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் ஊர் இரண்டாகிவிடும். பத்தொன்பது வருடத்துக்கு முன்புவரை இரண்டு ஊர்தானே? ஆற்றுக்குக் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. சேர்த்துவைத்தபோது எழுதிய ஒப்பந்தத்தின் பதினான்காம் பிரிவு எனக்கு மனப்பாடம். இரு பகுதிகளையும் பற்றிய எந்த வேலையும் ஒரே நாளில், ஒரே அளவில், கிழக்கு முதலில், மேற்கு அடுத்து. நகர அலுவலகக் கட்டடம் மேற்குக்குப் போனதால் வரிசை கிழக்குக்கு வந்ததாம்.

ஆகவே காலையில் கிழக்குப் படங்களைத் திருத்தினேன். பன்னிரண்டுக்கு வீட்டுக்கு நடந்துபோய்ச் சாப்பிட்டு, ஒன்று பத்துக்குத் திரும்பி, மேற்கை எடுத்தேன். அதற்குள் பிரிவுத் தலைவர் ஒகிமுரா என் லேப்டாப்பின் பிளக்கைப் பிடுங்கி, வயரை அழகாகச் சுருட்டி வைத்திருந்தார். ஒரு மணி அடித்ததும் எல்லோரும் பிடுங்கிவிட வேண்டும், நான்கு மணி வரை பேட்டரியில்தான் ஓட்ட வேண்டும். போன வருடக் கோடையில் மின்சாரம் போதாமல் வந்த உத்தரவு. அந்தக் கோடை போய், ஒரு குளிர்காலம் போய், இன்னொரு கோடையும் போய்விட்டது. நிறுத்தச் சொல்லி உத்தரவு வரவில்லை. பிடுங்கிக்கொண்டிருக்கிறோம்.

அக்டோபர் 30, வியாழன்

அச்சகத்திலிருந்து சிற்றேட்டின் புரூஃப் வந்தது. கிழக்குப் பக்கம் அப்படியே எடுத்துக் கடிக்கலாம் போலிருக்கிறது. மேற்குப் பக்கம் பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்த மாதிரி.

போன வருடமும் இப்படித்தான் ஆனது. மேற்குப் பெட்டிகளில் பாதி விற்கவில்லை. எங்கள் வீட்டில் மட்டும் மார்ச் வரை காலையும் மாலையும் பழம் தின்றோம். போன வருடம் அச்சகத்தின் மேல் பழியைப் போட்டுத் தப்பித்தேன். இந்த வருடமும் அச்சகத்து ஹொரிக்குத்தான் முதலில் போன் செய்தேன்.

"ரெண்டு பக்கமும் ஒரே தாள்லதான் ஓடுது நவாத்தே சான். ஒரே மை, ஒரே மெஷின். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்."

ஹொரி என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன்.

அக்டோபர் 31, வெள்ளி

நான் பயந்தது நடந்தது. புரூஃப் மேற்குப் பழ விவசாயிகள் சங்கத்துக்குப் போய்விட்டது. சங்கத் தலைவர் என் மாமனார்.

இதை எழுதித்தான் ஆக வேண்டும். நான் வீட்டோடு மாப்பிள்ளை. பிறந்தது கிழக்கு. பதினேழு வருடத்துக்கு முன் சாயோவைக் கட்டிக்கொண்டு ஆற்றைத் தாண்டி வந்தேன், அவர்கள் குடும்பப் பெயரையே எடுத்துக்கொண்டேன். கையெழுத்துக்குப் பதில் குத்தும் என் முத்திரை, என் சம்பளச் சீட்டு, என் செருப்பு வைக்கும் இடம் எல்லாவற்றிலும் நவாத்தே என்றுதான் இருக்கிறது. மாமனாருக்கு மட்டும் அது போதவில்லை என்று நினைக்கிறேன்.

இரவுச் சாப்பாட்டில் மிசோ சூப்பை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்:

"புரூஃப் பார்த்தேன். முள்ளங்கி நல்லா விளைஞ்சிருக்கு."

"அது பழம், மாமா."

"ஓ. பழமா."

சாயோ, "அப்பா, மீன் ஆறுது" என்றாள். அவர் மீனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மாப்பிள்ளைக்கு ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பு. பொறந்த மண்ணு இழுக்கத்தானே செய்யும்."

எனக்கு வந்தது கோபமா, வெட்கமா என்று தெரியவில்லை. வேண்டுமென்று நான் எதுவும் செய்யவில்லையே!

நவம்பர் 1, சனி

சோயா சாஸ் கேட்டேன். மாமனார் காதில் விழவில்லை. பாட்டில் அவர் முழங்கையை ஒட்டித்தான் இருந்தது.

நவம்பர் 3, திங்கள், விடுமுறை

நல்ல வெயில். மறுபடி படம் எடுத்துவிடுவது என்று முடிவு செய்து வீட்டுத் தாழ்வாரத்துக்குக் கேமராவோடு போனேன். தோல் சீவிய பழங்களைக் கயிறு கயிறாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நிஜமாகவே நல்ல நிறம். வெயில் பின்னாலிருந்து விழுந்தபோது ஒவ்வொன்றும் உள்ளே விளக்கேற்றிய மாதிரி இருந்தது. இதை எப்படி முள்ளங்கி ஆக்கினேன்?

மாமனார் கூப்பிடாமலே வந்தார். சங்கத்து மேலங்கி, புதிதாகச் சவரம் செய்த முகம். பழங்களுக்கு நடுவில் நின்றுகொண்டார். என்னோடு பேசாததால் பழத்தோடு பேசினார்.

"நேரா நில்லு. இந்தத் தடவையாவது உன் மூஞ்சி உன் மூஞ்சியா வரட்டும்."

முப்பத்தெட்டுப் படம் எடுத்தேன்.

நவம்பர் 5, புதன்

மேற்கை மட்டும் திருத்தித் தருகிறேன் என்றதற்கு ஒகிமுரா தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "முன்னுதாரணம் இருக்கா?" இல்லை. ஆகவே காலையில் கிழக்கையும் முதலிலிருந்து மறுபடி செய்தேன். எந்தக் குறையும் இல்லாத படங்களை மூன்று மணி நேரம் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது ஒரு தனிக் கலை.

மதியம் மேற்கு. படங்கள் மங்கலாகத்தான் தெரிந்தன. அவ்வளவு வெயிலில் எடுத்தும் ஏன் இப்படி? தாராளமாக வெளிச்சம் ஏற்றினேன். மாமனார் முகத்துக்கு இன்னும் ஒரு பங்கு கூடுதலாக. அவர் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும், படத்தில் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

நடுவில் ரெண்டரை மணிக்கு இனாகாகி அம்மையாரின் படத்தையும் முடித்தேன். முப்பத்தெட்டு வருடப் பணி, மார்ச்சில் ஓய்வு. டிசம்பர் நகரச் செய்தி இதழில் அரைப்பக்கம் வருகிறது. அவரே வந்து பின்னால் நின்றார். படத்தைப் பார்க்கவில்லை. நான் மூக்கைச் சிந்த எழுந்தபோது லேப்டாப் மூடியைத் திறந்தே வைத்துவிட்டேனாம், அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறார்.

நவம்பர் 7, வெள்ளி

இரண்டாவது புரூஃப். முன்னதைவிட மோசம்.

மாமனார் முகம் வெள்ளை டோஃபுக் கட்டி. மூக்கு எங்கே முடிகிறது என்பதே தெரியவில்லை. பின்னால் தொங்குவது பழமா, சலவைக்குப் போட்ட காலுறையா?

வீட்டில் அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. புரூஃபைச் சுவரில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு, சாயோவிடம் சொன்னார்: "காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். உன் புருஷனை டாக்டர்கிட்டக் காட்டு."

பதினாறாம் தேதி சங்கம் கூடுகிறதாம். சிற்றேட்டிலிருந்து மேற்கு விலகுவது பற்றித் தீர்மானம். விலகினால் வெளியூர் ஆர்டர் என்று ஒன்றே இருக்காது. இருபத்து மூன்று குடும்பங்களின் பழம் தாழ்வாரத்திலேயே கிடக்கும். இருபத்தொன்றாம் தேதி சிற்றேடு அச்சுக்குப் போகிறது.

நவம்பர் 10, திங்கள்

கண் டாக்டரிடம் போனேன். புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்களைக் கேட்டார், எல்லாம் சொன்னேன். ஐம்பது வயதுக்கு அருமையான கண் என்றார். நாற்பத்தெட்டு என்றேன்.

"கண்ணுல ஒரு குறையும் இல்ல. மனசுல ஏதாவது அழுத்தமா?"

"கிழக்கத்திப் பழம் நல்லாத் தெரியுது டாக்டர். மேற்கத்திப் பழம்தான் சரியாத் தெரியல."

டாக்டர் பேனாவை மூடினார். "நீங்க யாரு, தொகுசோ வீட்டு மாப்பிள்ளையா?" என்றார். தொகுசோ என் மாமனார் பெயர். ஆமாம் என்றேன். பில்லில் தள்ளுபடி கொடுத்தார். அவரும் கிழக்குதான் போல.

நவம்பர் 11, செவ்வாய்

கண் இல்லை, கேமரா இல்லை, அச்சகம் இல்லை. அப்படியானால் மிச்சம் நான்தானே?

உண்மையை எழுதிவிடுகிறேன். இது என் நோட்டு, என் பேனா. பதினேழு வருடமாக மேற்குப் பழம் தின்கிறேன். நல்ல பழம். ஆனால் சின்ன வயதில் கிழக்கில் எங்கள் வீட்டில் தின்ற பழம் கொஞ்சம், ஒரு நூல், ரொம்பக் கொஞ்சம் தித்திப்பு அதிகம்.

எழுதிவிட்டேன். அந்த ஒரு நூல்தான் என் விரல் வழியாகப் போய் மேற்குப் பழத்தை வெளுக்கிறதா? தெரியாமலே ஒருவன் துரோகம் செய்ய முடியுமா? சாயோவிடம் கேட்டேன்.

"உனக்கு அவ்வளவு ஆழமெல்லாம் கிடையாதுப்பா," என்றாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டும்.

நவம்பர் 13, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்! கண்டுபிடித்துவிட்டேன்!

நிதானமாக எழுத வேண்டும். சுவரில் அந்தப் புரூஃபை வைத்துக்கொண்டு மதியம் வீட்டில் சாப்பிட முடியாது என்பதால் நேற்றிலிருந்து சோற்று உருண்டை கட்டிக்கொண்டு போகிறேன். இன்று மேசையிலேயே உட்கார்ந்து தின்றேன். மாமனாரின் திருத்தாத மூலப் படத்தைத் திரையில் திறந்து வைத்திருந்தேன். பழிகேட்க வந்த முன்னோரைப் போல அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சரியான நிறம், சரியான கோபம், மூக்கு முழுதாக இருந்தது. நான் திருத்திய படமோ காலையில் பார்த்தபோது அதிக வெளிச்சமாகத் தெரிந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மணி ஒன்று அடித்தது. ஒகிமுரா வழக்கம்போல் கையை நீட்டி என் பிளக்கைப் பிடுங்கினார்.

மாமனார் முகம் என் கண் முன்னாலேயே இருண்டது.

பிளக்கைச் செருகினேன். வெளிச்சம் வந்தது. பிடுங்கினேன். இருண்டார். செருகினேன், பிடுங்கினேன், செருகினேன். ஒகிமுரா, "நவாத்தே, உனக்கு உடம்பு சரியில்லையா?" என்றார். தினமும் ஒன்று பத்துக்குத் திரும்பி வந்ததால் இந்த ஒரு நொடியை நான் ஒன்றரை வருடமாகப் பார்த்ததே இல்லை! பேட்டரிக்கு மாறியதும் சிக்கனத்துக்காகத் திரை தானே மங்குகிறது. மங்கிய திரையைப் பார்த்து, படம்தான் மங்கல் என்று நினைத்து, மேற்குப் பழத்துக்கெல்லாம் வெளிச்சத்தை அள்ளி அள்ளி ஊற்றியிருக்கிறேன். கிழக்கு காலையில், மின்சாரத்தில். மேற்கு மதியம், பேட்டரியில். ஒப்பந்தத்தின் பதினான்காம் பிரிவும் மின் சிக்கன உத்தரவும் சேர்ந்து செய்த வேலை.

துரோகம் இல்லை. நான் துரோகி இல்லை. மூன்றாவது சோற்று உருண்டையையும் தின்றேன்.

நவம்பர் 14, வெள்ளி

திரை வெளிச்சத்தைக் கையால் கூட்டும் பொத்தானை அழுத்தினேன். சின்னப் பூட்டுப் படம் வந்தது. பூட்டியது இனாகாகி அம்மையார். போனேன்.

"வெளிச்சம் வேணும்னா விலக்கு மனு போடுங்க. ஏழு பேரோட முத்திரை வேணும். குழு கூடி முடிவு பண்ணும்."

"குழுன்னா நீங்கதானே?"

"கூடறது டிசம்பர் பத்தொன்பது."

"அதுக்குள்ள சிற்றேடு அச்சாயிடுமே! மேற்கை மட்டும் ஒருநாள் காலையில திருத்திக்கறேனே?"

"அது ஒப்பந்தப் பிரச்சினை. என் பிரிவு இல்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்களுக்கு ஒண்ணு விட்டா நாளைக்கு வரிப் பிரிவு கேக்கும். அவங்களும் ஏதாவது பழம் கொண்டு வருவாங்க."

மனுவில் காரணம் எழுத ஒரு வரிதான் இடம் விட்டிருக்கிறார்கள். "மாமனார் வெளிறிப்போகிறார்" என்று எழுதி, அடித்துவிட்டு, "பழங்கள்" என்று மாற்றினேன்.

லேப்டாப்பை வெளியே எடுத்துப்போகும் சீட்டு மட்டும் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்குக் கொண்டு போகிறேன். இனி சொல்லி நம்பவைக்க முடியாது, காட்ட வேண்டும்.

நவம்பர் 16, ஞாயிறு

காலை பத்து மணி, மேற்குச் சமூகக் கூடம். இருபத்து மூன்று பேர். மாமனார் தலைமை இடத்தில், என்னைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி.

கால் மடக்கி உட்கார்ந்து, தரையில் தலை தாழ்த்தி வணங்கிவிட்டு, லேப்டாப்பைத் திறந்து எல்லோருக்கும் தெரியும்படி வைத்தேன். பிளக்கைச் செருகினேன். "இது காலையில." பிடுங்கினேன். "இது மத்தியானம்."

கூடம் அசந்துபோனது. "இன்னொரு தடவை!" என்றார் கானாய் அம்மா. முன்வரிசையில் உட்கார்ந்து எப்போதும் முதலில் பேசுகிற விவசாயி அவர். அவரே வந்து பிடுங்கிப் பார்த்தார். பிறகு ஒவ்வொருவராக வந்து மாமனாரை இருட்டடித்து, மறுபடி ஏற்றிவைத்தார்கள். அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஆறாவது ஆள் பிடுங்கியபோது, "போதும்டா, நான் என்ன தெருவிளக்கா?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாடா, முடிந்தது என்று நினைத்தேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது அதற்கப்புறம்தான்.

கானாய் அம்மா மெதுவாக எழுந்தார். "ஒரு நிமிஷம். அப்போ கிழக்குக்குக் கரன்ட்டு, நமக்குப் பேட்டரியா?"

"இல்லம்மா, அது வரிசைப்படி..."

"நல்ல ரோடு அங்க போச்சு. பஸ் ஸ்டாண்டு அங்க போச்சு. இப்ப கரன்ட்டும் அங்கதானா!"

கூடம் கொதித்தது. இரண்டு நிமிடத்தில் தீர்மானம் தயார்: மேற்கு இரண்டு வருடம் பேட்டரியில் கிடந்தது, அதனால் இனி இரண்டு வருடம் கிழக்குப் பழத்தைப் பேட்டரியில் திருத்த வேண்டும். அதற்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் விலகல்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது. "என்னால முடியாதுங்க," என்றேன். "தெரியாமச் செஞ்சது ஒண்ணு. தெரிஞ்சே ஒரு பழத்தை என்னால வெளுக்க முடியாது. எந்தப் பழமா இருந்தாலும்." சொல்லிவிட்டு, முடிந்தது, இனி வீட்டில் எனக்குச் செருப்பு வைக்க இடமில்லை என்று நினைத்தேன்.

மாமனார் எழுந்தார். எழுபத்தெட்டு வயது முழங்கால் இரண்டு முறை சொடுக்குகிற சத்தம் கேட்டது.

"அவன் சொல்றதுதான் சரி. கிழக்குப் பழம் என்ன பாவம் பண்ணுச்சு? நம்ம பழம் நல்லாத் தெரியணும்னா அவன் பழம் அழுக்காத் தெரியணும்னு நினைக்கிறவன் கயித்துல பழம் கட்ட லாயக்கில்ல. கானாய், உக்காரு."

கானாய் அம்மா உட்கார்ந்தார்.

"இன்னொண்ணு. இந்தப் பையன் ரெண்டு வருஷமா மத்தியானம் மத்தியானம் இருட்டுல உக்காந்துக்கிட்டு, ஐயோ இருட்டா இருக்கேன்னு நம்ம பழத்துக்கு வெளிச்சம் ஊத்தியிருக்கான். கம்மி பண்ணல. ஜாஸ்தி பண்ணியிருக்கான். என் மூஞ்சிக்கு ரொம்ப ஜாஸ்தி." தொண்டையைக் கனைத்தார். "அதுக்கு அர்த்தம் என்னன்னு எனக்கும் தெரியும்."

நான் லேப்டாப் வயரைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

மதியம் மாமனார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி எங்கோ போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு காகிதம் இருந்தது, கிழக்குச் சங்கத் தலைவர் மருயாமாவின் முத்திரையோடு. இருவரும் எட்டு வருடமாகப் பேசுவதில்லை. என்ன பேசினார்கள் என்று சாயோ கேட்டதற்கு, "அவன் வீட்டுக் கூரை ஒழுகுது," என்று மட்டும் சொன்னார்.

சாப்பிடும்போது நான் கேட்காமலே சோயா சாஸ் பாட்டில் என் பக்கம் வந்தது.

நவம்பர் 17, திங்கள்

இரண்டு சங்கமும் சேர்ந்து கொடுத்த மனு. இந்த ஊர் ஒன்றானதிலிருந்து இப்படி ஒரு காகிதம் வந்ததில்லை. ஒகிமுரா அதைக் கையில் வாங்கவே பயந்தார். "இதுக்கு முன்னுதாரணம்..." என்று ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார்.

இனாகாகி அம்மையார் இரண்டு முறை படித்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து டிசம்பர் இதழின் புரூஃபை எடுத்து என் முன்னால் வைத்தார். அவருடைய அரைப்பக்கம். நெற்றியில் ஒரு கோடு இல்லை. கன்னம் பீங்கான் மாதிரி. முப்பத்தெட்டு வருடப் பணி என்று எழுதியிருக்கிறது, முகத்துக்கு மொத்தமே முப்பத்தெட்டு வயதுதான் சொல்லலாம்.

"இது யார் பண்ணினது?"

"நான்தான். மன்னிச்சுக்கணும். உடனே மாத்தி..."

"எப்போ பண்ணினீங்க?"

"அஞ்சாம் தேதி. மத்தியானம் ரெண்டரைக்கு."

"பேட்டரியில."

"ஆமா."

புரூஃபை மறுபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "எங்கக்கா பார்த்துட்டு, யாருடி இந்தப் பொண்ணுன்னு கேட்டா," என்றார். பிறகு குரல் பழைய இடத்துக்குத் திரும்பியது. "குழு இப்பவே கூடிடுச்சு. பழங்களுக்கு விலக்கு உண்டு. மனுஷங்க விஷயத்துல விதியை மாத்த எந்த அவசியமும் தெரியல."

முத்திரையை எடுத்துக் குத்தினார்.

நவம்பர் 18, செவ்வாய்

என் பிளக் பாயின்ட்டுக்கு மேல் மஞ்சள் ஸ்டிக்கர், அவர் கையெழுத்தில்: பழத்துக்கு மட்டும்.

காலையில் கிழக்கு, மதியம் மேற்கு. ஒரு மணி அடித்ததும் ஒகிமுராவின் கை பழக்கதோஷத்தில் நீண்டது, ஸ்டிக்கரைப் பார்த்துத் திரும்பிப் போனது. மதியம் இரண்டு மணிக்கு மேற்குப் பழம் மேற்குப் பழமாகவே தெரிந்தது. எவ்வளவு நாளாயிற்று!

நவம்பர் 20, வியாழன்

மூன்றாவது புரூஃப். ஹொரி தானே கொண்டுவந்து கொடுத்தான். இரண்டு பக்கமும் ஒரே நிறம். எது கிழக்கு எது மேற்கு என்று தலைப்பைப் பார்த்துத்தான் சொல்ல முடிகிறது.

மாமனார் நாட்காட்டிக்குப் பக்கத்திலிருந்த பழைய புரூஃபைக் கிழித்துவிட்டு இதை ஒட்டினார். தள்ளி நின்று பார்த்தார். "பழம் நல்லா இருக்கு," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் இவ்வளவு கிழவனா?" என்றார்.

டிசம்பர் 9, செவ்வாய்

மகளிர் சங்கத்திலிருந்து போன். தங்கள் குழுப் படத்தை மதியம் ஒரு மணிக்கு மேல்தான் திருத்த வேண்டுமாம். யார் சொன்னது என்று கேட்டேன். இனாகாகி அம்மையாரின் அக்கா.

டிசம்பர் 15, திங்கள்

மேற்குப் பெட்டிகள் தீர்ந்தன. கிழக்கும் அதே வாரம். மார்ச் வரை தின்ன வீட்டில் பழம் இல்லை. சாயோ கடையில் போய் ஒரு பொட்டலம் வாங்கி வந்தாள். கிழக்குப் பழம். மாமனார் ஒன்றை எடுத்துக் கடித்து, மென்று, என்னைப் பார்த்தார்.

"ஒரு நூல் தித்திப்பு ஜாஸ்திதான்," என்றார்.

அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நோட்டை இனி அலுவலக இழுப்பறையில் வைத்துப் பூட்ட வேண்டும்.

டிசம்பர் 22, திங்கள்

ஜனவரி இதழுக்கு இரண்டு சங்கத் தலைவர்களின் படம், பக்கத்தில் பக்கத்தில். முதல் தடவை.

பதினொன்றரைக்கே இருவரும் கறுப்புக் கோட்டு, கழுத்துப்பட்டையோடு வந்துவிட்டார்கள். படம் எடுத்து முடித்தேன். கிழக்கு முதலில் என்பதால் மருயாமாவின் படத்தைத் திறந்து, நேரமிருக்கிறதே என்று திருத்த ஆரம்பித்தேன். பின்னாலிருந்து மாமனார் கை வந்து லேப்டாப் மூடியை மூடியது.

"மணி என்ன?"

"பன்னிரண்டு ஆகப் போகுது மாமா."

"அப்ப என்ன அவசரம்? சாப்பிட்டு வா."

மருயாமா பக்கத்தில் நின்று தலையாட்டினார். "என் சம்சாரமும் சொன்னா, காலையில பண்ணிடப் போறாங்க, பாத்துக்கோன்னு."

நான் மஞ்சள் ஸ்டிக்கரைக் காட்டி, இப்போது மதியமும் மின்சாரம் உண்டு, நிறம் சரியாக வரும் என்று விளக்கப் பார்த்தேன்.

"அது பழத்துக்கு," என்றார் மாமனார். "எழுதியிருக்கில்ல? பழம் பழமாத் தெரியணும். மனுஷன் உள்ளபடி தெரியணும்னு எந்தச் சட்டமும் இல்ல." பிறகு குனிந்து, மருயாமாவுக்குக் கேட்காதபடி சொன்னார்: "என் படத்துல ஒண்ணு தனியா எடுத்து வை. நாளைக்கு நான் போனா, வீட்டுல புத்தர் மாடத்துக்கு அதுதான். ஊரே வந்து பாக்கும். நீதான் பண்ணணும், மாப்பிள்ளை. அன்னிக்குப் பண்ணின மாதிரி, ஜாஸ்தியா."

சரி என்றேன்.

மூவரும் கீழே போய் நூடுல்ஸ் சாப்பிட்டோம். ஒன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மேலே வந்து, மாமனார் முகத்தைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மணி அடித்தது. ஒகிமுரா கையை நீட்டுவதற்குள் நானே பிளக்கைப் பிடுங்கினேன்.